நாலாவது ஆம்ப்ளிஃபயர்

"இது வீடாடி, இல்ல கடையா?"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அக்கா கேட்டுவிட்டாள். கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை. போன தடவை வந்தபோது மூன்று அட்டைப்பெட்டிகள் இருந்தன. இப்போது நாலு.

"புதுசா ஒரு பவர் ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருக்கார்க்கா" என்றாள் தம்பியின் மனைவி.

"ஏற்கெனவே இருக்கிறதையெல்லாம் எதுக்கு வெச்சிருக்கான்? குட்டி போடவா?"

"அதெல்லாம் இரையுதுக்கா."

அக்கா மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள். சொந்தத்தில் பாதிப் பேர் அதனால் அவளோடு பேசுவதில்லை. மீதிப் பேர் அதனால்தான் அவளைத் தேடி வருகிறார்கள்.

தம்பி அச்சகத்தில் மெஷின் ஓட்டினவன். இளமை முழுக்க அந்தத் தடதடப்புக்குப் பக்கத்திலேயே நின்று தீர்ந்துபோனது. ஓய்வு பெற்றதும் அவனுக்கு இருந்தது ஒரே ஆசைதான். ஒரு நல்ல ஸ்டீரியோ வேண்டும், அமைதியான வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும். ஸ்பீக்கர் வாங்கினான். கைக்கு அடங்கின விலையில் ஒரு ஆம்ப் வாங்கினான்.

அது நிஜமாகவே இரைந்தது. பாட்டுக்கு அடியில் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு ரீங்காரம். அக்காவே கேட்டிருக்கிறாள். வேறு வாங்கினான், நியாயம்தான். ஆனால் அடுத்ததும் இரைகிறது என்றான். அதற்கு அடுத்ததும். அந்த இரண்டிலும் அக்காவின் காதுக்கு ஒரு ஈ பறந்த சத்தம்கூட எட்டவில்லை. ரிப்பேர்க்காரரும் பிரித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

"அவனுக்குத்தான் புத்தி பிசகிப்போச்சு. நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாது? அவன் இரையுதுன்னா நீயும் ஆமாம் சாமி போடறே. இன்னும் எத்தனை பெட்டிடி மாத்துவான்?"

"பெட்டின்னா மாத்திக்கலாமேக்கா."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இவளும் சேர்ந்துதான் கூத்தடிக்கிறாள் என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூடத்தில் தம்பி முதுகைக் காட்டி உட்கார்ந்து ஸ்பீக்கர் வயரை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"டேய், வந்திருக்கேன்டா."

திரும்பவில்லை.

"கூடப் பொறந்தவ வந்து நிக்கறேன், காதுல போட்டுக்கறானா பாரு. திமிரு!"

மனைவி போய் அவன் தோளைத் தொட்டாள். திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! எப்ப வந்தே? சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கே. விலை கம்மியான ஆம்ப்ல எல்லாம் டிரான்ஸ்ஃபார்மர்ல கஞ்சத்தனம் பண்ணிடறான். இரைச்சல் அங்கதான் பொறக்குது. இதுல அந்தப் பேச்சே கிடையாதாம்."

"அப்ப ஒரு பாட்டைப் போடு, கேப்போம்."

"முதல்ல வெறுமனே ஓடவிட்டுப் பாக்கணும்க்கா. இரைச்சல் இல்லைன்னு தெரிஞ்சாத்தான் மனசு பாட்டுல நிக்கும்."

அப்படித்தான் அந்த வீட்டில் பாட்டே இல்லாமல் போனது. ஆசையாக வாங்கின இசைத்தட்டுகள் உறைகூடப் பிரிக்காமல் அடுக்கில் கிடந்தன.

ஜன்னலைச் சாத்தினான். ஃபேனை நிறுத்தினான். ஆம்ப்பைப் போட்டதும் அதன் நெற்றியில் ஒரு நீல விளக்கு பொட்டு மாதிரி எரிந்தது. சத்தத்தைக் கடைசி வரை திருகி வைத்துவிட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சமையலறையில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம். அதைத் தவிர எதுவும் இல்லை. இன்றைக்கு இவனை உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டியதுதான்.

அப்போது கரண்ட் போனது.

ஃபிரிட்ஜ் ஒரு தரம் நடுங்கி அடங்கியது. நீல விளக்கு அணைந்தது. வீடே மூச்சை விட்டுவிட்ட மாதிரி ஓர் அமைதி.

தம்பி கண்ணைத் திறக்கவில்லை. மெல்ல ஒரு விரலை உயர்த்தினான்.

"இதோ... இதுலயும் இரையுது. இடது பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி."

கரண்டே இல்லையேடா என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள்.

தம்பியின் மனைவி அதற்குள் எழுந்துவிட்டிருந்தாள். பாதம் தரையில் படுகிறதா என்று தெரியாத நடையில் போய், அணைந்த விளக்கை மறைத்துக்கொண்டு ஆம்ப்புக்கு முன்னால் நின்றாள். அப்படி மறைத்து நிற்பது அவளுக்குப் பழகின வேலை போலத்தான் இருந்தது.

அவன் கண்ணைத் திறந்தான்.

"உனக்குக் கேக்குதா?"

"கேக்குதுங்க" என்றாள், அக்காவைப் பார்த்தபடி. அந்தப் பார்வை கை கூப்பியது.

தம்பி அக்கா பக்கம் திரும்பினான். குரல் இளைத்துப்போயிருந்தது.

"இவ என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாளோன்னு பயமா இருக்குக்கா. ராத்திரி படுத்தா தூக்கம் வரல. நீ சொல்லு. நீ யாருக்காகவும் பொய் சொல்ல மாட்டே. இரையுதா, இல்லையா?"

அக்கா எழுந்து வந்தாள். அவன் நரைத்த தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, காதருகே குனிந்து உரக்கச் சொன்னாள்:

"இரையுதுடா. காது குடுத்துக் கேக்க முடியல. நாளைக்கே இதையும் மாத்திடு."