பெட்டையைக் காட்டியவன்

மொட்டைமாடிக் கதவு ஒரே உதையில் பிளந்து விழுந்தது. இரும்புக் குழாயோடு உள்ளே பாய்ந்த கஜபதி, புறாப் பந்தய எதிரி ஏசுபாதத்தின் கையைத்தான் முதலில் பார்த்தான். அதில் ஒரு பெட்டைப் புறா படபடத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு அது போதும். பெட்டையைத் தூக்கிக் காட்டி அடுத்தவன் ஆண் புறாக்களை இறக்குவது அந்தப் பேட்டையில் பழைய திருட்டு. காலையில் நெல்லூரில் திறந்துவிட்ட அவனுடைய நாற்பது புறாக்களில் ஒன்றுகூட இன்னும் வீடு சேரவில்லை. ராக்கெட் புகையும் எரிந்து விழுகிற சாட்டிலைட் தூளும் பூமியின் காந்தத்தைக் குலைத்துவிட்டனவாம், புறாக்களுக்கு இனி வழி தெரியாதாம் என்று டிவியில் கேட்டதை மனைவி சொன்னபோது, “வழியாவது மண்ணாவது! அந்த ஏசுபாதம் புடிச்சி அடைச்சிட்டான்டி” என்று கத்திவிட்டு வந்திருந்தான்.

“எங்கடா என் புறா?”

குழாய் ஏசுபாதத்தின் முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கஜபதிக்கே கேட்டது. அடுத்த அடி வாயில். பல்லோடு ரத்தத்தைத் துப்பிக்கொண்டு ஏசுபாதம் தரையில் சரிந்தான். கஜபதி கூண்டுகளை ஒவ்வொன்றாக அடித்துத் திறந்தான். கிண்ணங்களில் கம்புத் தீனி தொடாமல் அப்படியே இருந்தது. புறா இல்லை. கைநழுவிய பெட்டை, வழக்கம்போல மாடிக்கு மேலே ஒரு வட்டம்கூட அடிக்காமல், நேராகக் கடல் பக்கம் பறந்து போனது.

“உன்னுத யாரு நைனா எறக்குனா?” என்றான் ஏசுபாதம், அதையே பார்த்தபடி. “என்னுது முப்பதும் நேத்தே வரல. இவளப் பாத்தாவது ஒண்ணு ரெண்டு வருமான்னுதான் காலைலேர்ந்து தூக்கிப் புடிச்சினு நின்னேன்.”