கிழிந்தால் பாஸ்

“நாலு வருஷம் படிச்சு என்னத்தம்மா கிழிச்சே?”

“இன்னும் கிழிக்கல சார். இப்பதான் கிழிக்கப் போறேன்” என்றாள் அமுதவள்ளி.

பட்டறையே கொல்லென்று சிரித்தது. கேள்வி கேட்ட பேராசிரியர் மாயகிருஷ்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மதுரையிலிருந்து பரீட்சை வைக்க வந்தவர். சிரிப்புக்கெல்லாம் மார்க் கிடையாது என்ற கட்சி.

கோவில்பட்டியில் எவர்சில்வர் கிண்ணம் அடிக்கிற பட்டறை அது. காலேஜில் தகடு அழுத்துகிற பெரிய பிரஸ் இல்லாததால், கடைசி வருஷ பிராஜெக்ட் பரீட்சை இங்கே. தகட்டை அழுத்திக் கிண்ணமாக்கும்போது எத்தனை ஆழத்தில் கிழியும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டிருந்தாள் அமுதவள்ளி.

“முப்பத்திரண்டு மில்லிமீட்டர்ல கிழியும் சார்.”

“கிழியலேன்னா?”

“ஃபெயில் சார்” என்று அவளே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஃபெயிலானால் ஓசூரில் கிடைத்திருக்கும் வேலையும் போய்விடும்.

பிரஸ் ஓட்டுகிற சங்கிலிப்பாண்டிக்குத் தாங்கவில்லை. “ஏ தாயி, நல்ல வார்த்தை சொல்லு. பரீட்சையும் அதுவுமா கிழியும் கிழியும்ங்கியே?”

“கிழிஞ்சாதான் அண்ணாச்சி பாஸு!”

சங்கிலிப்பாண்டியின் முகம் செத்துப்போனது. “கிழிஞ்சாவா?”

“பேச்சு போதும். தகட்டை நான் சோதிக்கணும். அஞ்சு நிமிஷம் எல்லாரும் வெளியே நில்லுங்க” என்று கதவைச் சாத்தினார் பேராசிரியர்.

வெளியே வந்ததும் சங்கிலிப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டார்.

“தாயி, கெடுத்துட்டேனே! உனக்கு நல்லபடியா வரணும்னு காலையிலேயே தகட்டுல ரெண்டு பக்கமும் எண்ணெய வழிய வழியத் தடவி வச்சிருக்கேன்!”

“ஐயோ அண்ணாச்சி! எண்ணெய் போடாத தகடுன்னு ரிப்போர்ட்லயே எழுதியிருக்கேன். எண்ணெய் இருந்தா வழுக்கிட்டுல்லா இறங்கும்! கிழியவே கிழியாது!”

“இந்தா, தொடச்சிருதேன்” என்று கதவைத் தட்டினார்.

“யாரும் உள்ளே வரக்கூடாது!” என்று அதட்டல் வந்தது.

“மனுசனா இவரு? கருங்கல்லு!” என்றார் சங்கிலிப்பாண்டி. அமுதவள்ளிக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவு திறந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள், “ம், ஓட்டுங்க” என்றார் பேராசிரியர்.

பிரஸ் இறங்கியது. சங்கிலிப்பாண்டி அளவுகோலைப் பார்த்து வாசித்தார். அவர் பிழைப்பில் முதல் தடவையாக ஒரு தகடு கிழிய வேண்டுமென்று கழுகுமலை முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டார்.

“இருபத்தெட்டு... முப்பது... முப்பத்தொண்ணு...”

அமுதவள்ளி கண்ணை மூடிக்கொண்டாள்.

டப்!

“முப்பத்திரண்டு! கிழிஞ்சிட்டு தாயி, கிழிஞ்சிட்டு!”

சங்கிலிப்பாண்டி குதித்த குதியில் செருப்பு ஒன்று பறந்து கிண்ண அடுக்கில் விழுந்தது. பாலிஷ் போடுகிற சீனித்தாய் குலவையே போட்டுவிட்டாள். கிழிந்த கிண்ணத்துக்குக் குலவை போட்ட பட்டறை உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டு, விடைபெறாமலே வெளியே போனார்.

“அண்ணாச்சி, அவ்வளவு எண்ணெயிலயும் எப்படிக் கிழிஞ்சது?”

“எனக்கும் அதான் புரியல தாயி.”

நன்றி சொல்லப் பேராசிரியர் பின்னால் ஓடினாள் அமுதவள்ளி. வாசல் குழாயடியில், பேராசிரியர் தன் வெள்ளைக் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

“சார்... அது...”

கைக்குட்டையைச் சட்டென்று பைக்குள் திணித்துக்கொண்டு முறைத்தார்.

“வேர்வைம்மா. உங்க ஊரு வெயில் கொஞ்சமாவா அடிக்குது?”