நொடி முள்ளில் ஒரு கண்ணாடி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவர் மகள், மருமகன், கட்டிலில் சாய்ந்திருந்த அவர் மனைவி.

மருமகன் ஒரு சின்னக் கண்ணாடியைச் சுற்றவிட்டு அதன்மேல் லேசரைப் பாய்ச்சினார். எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி பறந்தது.

"டான்ஸ் கிளப்பா இது, மாப்பிள்ளை? ஜன்னலைச் சாத்துங்க."

"மைக்ரோவேவ் அடுப்புல தட்டைச் சுத்துற மோட்டார், மாமா. இதுவே மெதுவானதுன்னு நெனச்சேன்."

"இதைவிட மெதுவா வேற கிடைக்கலையா?"

"இவர் குளிச்சுட்டு வர்ற வேகம் இருக்குப்பா" என்றாள் மகள்.

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. ஓய்வுபெற்ற நாளில் பள்ளி கொடுத்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். "இதோட நொடி முள்ளுல கண்ணாடியை ஒட்டுங்க. நின்னு நின்னு போகும்."

லேசருக்கு இரண்டு பேட்டரி வேண்டும். கடிகாரத்துக்கு ஒன்றே போதும்; இரண்டின் மின்சாரமும் பாய்ந்தால் கருகிவிடும். மருமகன் ஒரே பேட்டரியிலிருந்து கடிகாரத்துக்குத் தனி வயர் இழுத்தார்.

புள்ளி நிதானமாக நகர்ந்தது. அது நிற்கும் இடங்களில் தலைமையாசிரியர், தன் கையால் எழுதிய தாள்களை ஒட்டினார்: தண்ணீர், வலி, குளிர், மருந்து, போதும்.

"இங்க பாரு. வேண்டியது மேல புள்ளி வந்தா கண்ணை மூடு. அவசரப்படாத. மத்ததுக்கு மூடாத. முதல்ல நல்லாக் கவனி..."

பக்கவாதம் வந்ததிலிருந்து ஏழு மாதங்களாக அவர் மனைவிக்கு அசைந்தவை இமைகள் மட்டுமே.

'போதும்' மேல் புள்ளி வந்தபோது மனைவி கண்ணை மூடினார். அடுத்த சுற்றிலும் அங்கேயே மூடினார்.

"அம்மா உங்களைப் பேச்சை நிறுத்தச் சொல்றாங்கப்பா" என்றாள் மகள்.

தலைமையாசிரியர் அழுதார் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அவர் அழவில்லை. பேட்டரி சூடாகிறதா என்று குனிந்து பார்த்தார்.