கர்ப்பிணிங்க வரிசை

மூணாவது தடவையா கர்ப்பிணிங்க வரிசையில வந்து நின்னுக்கிட்டு இருந்துச்சு தமிழினி. ஜன்னல் வழியா அதைப் பாத்ததும் ஹஃப்ஸாவுக்குத் தலைவலியே வந்துடுச்சு.

ஆம்பூர்ல அந்த ஆஸ்பத்திரியில எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்க வர்றவங்ககிட்ட பேசி அனுப்பற கவுன்சிலர் ஹஃப்ஸா. மாசமா இருக்கறவங்க எல்லாருக்கும் மத்த டெஸ்ட்டோட சேத்து அதையும் எடுத்துடுவாங்க. ஒரு பிரசவத்துக்கு ஒரு கிட், அதுதான் இந்த வருஷ பிளான். தமிழினிக்குப் போன மாசமே எடுத்தாச்சு, இல்லன்னும் வந்தாச்சு.

"இன்னாம்மா, ஒரே புள்ளைக்கு எத்தினி தபாதான் ரத்தம் குடுப்ப?"ன்னு பின்னாடி நின்ன நெறமாசக்காரி கிண்டல் பண்ணா. வரிசையே சிரிச்சுது. தமிழினி சிரிக்கல.

உள்ள வந்து உக்காந்ததும் அதே பேச்சுதான், இன்னொரு தபா எடுங்கக்கான்னு. ஹஃப்ஸாவுக்கு எரிச்சல் பொத்துக்கிட்டு வந்துச்சு. மூத்திர டெஸ்ட்டுக்குக் குடுத்த டப்பா இன்னும் திரும்பி வரல. ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்த சீட்டு பையிலயே கெடக்குது. சத்து மாத்திரையும் வாங்கிக்கல. இது ஒண்ணை மட்டும் விடாப்பிடியா கேட்டா எப்படி?

"அதான் இல்லன்னு வந்துடுச்சே, அப்புறம் இன்னா பயம் உனக்கு?"

தமிழினி வெரல்ல ஒட்டியிருந்த ஷூ கம்பெனி பசையை நகத்தால உரிச்சுக்கிட்டே மெதுவா சொல்லிச்சு. திமிரி பக்கத்துலேர்ந்து தையல் மிஷின் வேலைக்கு ஆம்பூர் வந்த பொண்ணு அது. புருஷன் சூரியபிரகாஷ் வடக்க கான்பூர்ல ஒரு தோல் கம்பெனியில இருக்கான். பொங்கலுக்கு வந்து பத்து நாள் இருந்துட்டுப் போனான். அவன் கெளம்பி ரெண்டு வாரத்துல இதுக்கு ஜுரம், தொண்டை வலி, மேலெல்லாம் செவப்புத் தடிப்பு. படுத்துக் கெடந்தப்பதான் அவனோட தோஸ்த் ஒருத்தன் போன்ல, அவன் அங்க எங்கெங்க போயிட்டு வர்றான்னு ஒளறிட்டான். ஜுரம் விட்ட நாலாம் நாளே இங்க ஓடி வந்து ரத்தம் குடுத்துச்சு.

நாலாம் நாளா? ஹஃப்ஸாவோட எரிச்சல் அந்தப் பொண்ணை விட்டுட்டு அப்படியே வேற ஆள் மேல திரும்பிடுச்சு.

கிருமி உள்ள பூந்த உடனே அந்த டெஸ்ட்ல தெரியாது. சில வாரம் ஆவும். அந்த சில வாரத்துலதான் ஒடம்புல கிருமி ரொம்ப ஜாஸ்தியா இருக்கும், சீட்டுல மட்டும் இல்லன்னு வரும். போன வாரம் வேலூர் மீட்டிங்ல இதைத்தான் தொண்டை கிழியக் கத்துனா. சந்தேகத்தோட வர்றவங்களுக்கு ரெண்டாவது டெஸ்ட்டுக்கும் சேத்து கிட் எழுதுங்க, மத்தவங்களுக்குன்னு புரோட்டாக் கடைக்கு எதிர்ல தனியா இருக்கற டெஸ்ட் ரூமை உள்பக்கம் மாத்துங்க, தெருவே பாக்கற எடத்துல எந்தப் பொம்பளை வந்து நிப்பான்னு மூணு பக்கம் எழுதியும் குடுத்தா.

பிளான் போடற அதிகாரி ராமமூர்த்தி அந்த மூணு பக்கத்து மேல டீ கிளாஸை வெச்சுட்டு ஒரு சார்ட்டைக் காட்டினார். அந்த ரூமுக்கு மாசத்துல ரெண்டு பொம்பளைங்க வந்தா அதிகம். அப்படின்னா இங்க பொம்பளைங்களுக்குத் தேவையே இல்லன்னு அர்த்தமாம். இருந்த கிட்டையும் கம்மி பண்ணிட்டார்.

புருஷன் விஷயம்னா அந்த ரூம்ல எடுத்துக்கலாமேன்னு ஹஃப்ஸா கேட்டுப் பாத்தா. தமிழினி தலையை ஆட்டிச்சு. எதிர்க்கடையில டீ குடிக்கறதே எங்க கம்பெனி ஆளுங்கதான்க்கான்னுச்சு.

ஹஃப்ஸா போனை எடுத்து நேரா ராமமூர்த்திக்கே போட்டா. அவர் அந்தப் பக்கம் ரூலைப் படிச்சார். ஒரு பிரசவத்துக்கு ஒண்ணு, ரெண்டாவது எந்தக் கணக்குல எழுதறதுன்னு கேட்டார். இந்த வாரம் பூரா அடக்கி வெச்சிருந்தது ஹஃப்ஸாவுக்கு அப்பதான் வெளிய வந்துச்சு.

"சார், மொத தடவை எடுத்தப்ப தெரிஞ்சிருக்கவே செய்யாது. இப்ப தெரிஞ்சா மாத்திரை குடுத்து அம்மாவையும் பாத்துக்கலாம், வயித்துல இருக்கற புள்ளைக்கும் வராம தடுக்கலாம். நாளைக்கு அது பொறந்து அதுக்கும் இருந்துச்சுன்னா, அதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?"

ராமமூர்த்தி குரல் எறங்கிடுச்சு.

"கொழந்தைன்னு வந்துட்டா என்ன செய்யறது. சரி, எடும்மா. நான் எழுதிக்கறேன்."

ஒரு வாரமா தோத்துக்கிட்டே இருந்தவளுக்கு இப்பதான் ஒண்ணு ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. பக்கத்து மேஜை லேப் பிரேம்நாத்தைக் கூப்பிட்டு உடனே ரத்தம் எடுக்கச் சொன்னா. ஊசி உள்ள போறப்பகூட தமிழினி மொகத்தைத் திருப்பல. டியூப்ல பேர் எழுதி அவர் உள்ள எடுத்துக்கிட்டுப் போற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"பாத்தியா, எல்லாம் உன் புள்ள செஞ்ச புண்ணியம்"னு ஹஃப்ஸா அது தோளைத் தட்டினா. "இனிமேலாவது போயி அந்த ஸ்கேனை எடு."

தமிழினி பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே கதவு சாத்தியிருக்கான்னு ஒரு தடவை திரும்பிப் பாத்துச்சு.

"நான் மாசமாவே இல்லக்கா."