நடுப்பாலம்

அறுபது வருஷம் நின்ற நெடுஞ்சாலைப் பாலம் வெள்ளத்தில் இடிந்தபோது ஒரு பேருந்தும் கூடவே ஆற்றில் போனது. புதுப் பாலம் எழும்பிய பிறகும் இரு கரைக்காரர்களும் அதில் கால் வைக்கப் பயந்து பரிசலில்தான் கடந்தார்கள். பளுச் சோதனைக்காகப் பன்னிரண்டு மணல் லாரிகள் பாலத்தில் ஏறத் தொடங்கின. பொறியாளர் குழலி பரிசலில் ஏறி, தூண்களுக்கு நடுவே நிறுத்தச் சொன்னாள். துடுப்புப் போட்ட வெள்ளத்தாய், அந்தப் பேருந்தில் புருஷனைப் பறிகொடுத்தவள்.

“ஒனக்குப் பிள்ளைக இருக்கா தாயி?” என்று வெள்ளத்தாய் கேட்டாள்.

“ரெண்டு பேரு, அக்கா.”

“அப்பறம் எதுக்கு இதுக்கு அடியில வந்து ஒக்கார்ற?”

“நானே ஒக்காரப் பயந்தா, உங்கள எப்படிக்கா மேல நடக்கச் சொல்றது?”

வெள்ளத்தாய் பரிசலைத் தூணோடு சேர்த்துக் கட்டினாள்.

சுமையில் பாலம் நான்கு மில்லிமீட்டர் தாழ்ந்தது; சுமை இறங்கியதும் பழையபடி நிமிர்ந்தால்தான் அது உறுதி. ராத்திரி முழுக்க நின்ற லாரிகள் மறுநாள் காலை இறங்கும்போதும் இருவரும் அதே இடத்தில் இருந்தார்கள். தாழ்வை அளக்கப் பாலத்தின் அடியில் பொருத்திய மானியின் முள் மெல்ல நகர்ந்து பூஜ்யத்தில் நின்றது.

“நிமிந்திருச்சுக்கா! முழுசா நிமிந்திருச்சு!” என்று குழலி கத்தினாள்.

வெள்ளத்தாய் பரிசலைக் கரையில் கட்டிவிட்டு வெறுங்காலோடு பாலத்தில் ஏறினாள். பேருந்து விழுந்த இடத்துக்கு நேர் மேலே வந்ததும் நின்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தாள். இன்னொரு தடவை, இன்னும் பலமாகக் குதித்தாள்.

“ஏ, வாங்கப்பா!”

இரண்டு கரையிலிருந்தும் ஜனங்கள் ஓடிவந்தார்கள்.