சூடு ஏறிய மூலை

புது இஸ்திரிப்பெட்டி ஒன்றின் சூட்டைக் கணக்கிட, கம்ப்யூட்டருக்குள் அதன் அடித்தகட்டைப் பத்தாயிரம் கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். சுற்றுக்குச் சுற்று ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தைக் கேட்டுத் தன் சூட்டை எண்ணாகச் சொல்ல வேண்டும். எல்லாருடைய எண்ணும் அசையாமல் நின்றால்தான் கணக்கு முடியும்.

மூலையிலிருந்த பொடிக்கட்டம் மட்டும், "எனக்கு இன்னும் ஏறிக்கிட்டே இருக்குண்ணே" என்றது.

"ஆயிரம் சுற்று ஓடியாச்சு. உன் ஒருத்தனாலதான் இழுக்குது!" என்று சீறிய பக்கத்துப் பெரிய கட்டம், அதைத் தன்னோடு சேர்த்து விழுங்கிவிட்டது. அடுத்த சுற்றிலேயே கணக்கு முடிந்தது. கட்டங்களெல்லாம் கைதட்டின.

அந்தக் கணக்கை நம்பிச் செய்த பெட்டி, முதல் பட்டுவேட்டியிலேயே மூலையால் ஓட்டை போட்டது.

சேதி கேட்ட பெரிய கட்டம் நெஞ்சை நிமிர்த்தியது. "நம்மில் ஒருத்தருக்காவது மாற்றுக்கருத்து இருந்ததா? அப்போ தப்பு வேட்டி மேலதான்!"