பங்காரு மேஸ்திரிக்கு ஒரு மர அரம்

“இது உனக்கு ஆகாது அம்மணி. வெச்சுரு.”

கணபதி பஸ் ஸ்டாப் பக்கம் மரவேலைச் சாமான் கடை நடத்தும் குல்சும் அக்கா, லோகப்பிரியாவின் கையிலிருந்த மர அரத்தை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

லோகப்பிரியா என்னைவிட ரெண்டே நிமிஷம் மூத்தவள். அதனால் எனக்கு வெறும் லோகு. அப்போதுதான் கடையில் கிடந்த கட்டையில் அந்த அரத்தை நாலு இழுப்பு இழுத்துப் பார்த்திருந்தாள். கட்டையெல்லாம் வரிவரியாகக் கீறல்.

குல்சும் அக்கா கீறலைப் பார்த்தார். லோகுவின் நெற்றிப் பிளாஸ்திரியைப் பார்த்தார்.

“எதுக்கு கண்ணு அரம்?”

“மர வில்லு செய்யறேனுங்க. சனிக்கிழமை மாவட்ட செலக்சன். ஒரு பக்கம் தடிப்பா இருக்குதுங்க, ராவி ராவி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைய வைக்கோணும்.”

“நெத்தியில என்ன?”

“போன வில்லுங்க. இழுக்கறப்ப ஒடிஞ்சு அடிச்சுப்போட்டுது. நாலு தையல்.”

“அப்ப இது ஆகவே ஆகாது. புதன்கிழமை வா.”

அந்த நேரம் பார்த்து ஒருவர் இருமிக்கொண்டே படியேறினார். “அக்கா... க்ஹ்ம்... மர அரம் ஒண்ணு... க்ஹ்ம்... குடுங்க.”

“வாங்க பங்காரு மேஸ்திரி” என்று குல்சும் அக்கா எடுத்து நீட்டியது, அதே அரம்.

லோகுவுக்கு மூக்கு விடைத்தது.

ஏற்கெனவே வீட்டில் அப்பா, “வில்லு கில்லெல்லாம் போதும், புஸ்தகத்தை எடு.” அம்மா, “மூஞ்சியில தழும்போட நின்னா எவன் கட்டுவான்?” கிரவுண்டில் கோச் பாலகோபால் சார், விசிலைக் கடித்தபடி, “எல்லாரும் இந்தப் பக்கம் பாத்து நின்னா நீ மட்டும் அந்தப் பக்கம் பாத்து நிக்கறே. பொறப்புலயே எதிர்க்கட்சியாம்மா நீ?”

மூன்று பேரையும் நான் அச்சு அசலாகப் பேசிக் காட்டுவேன். மூன்று பேருக்கும் லோகு சொல்கிற பதில் ஒன்றுதான். “ஒடிஞ்சா இன்னொண்ணு செய்வேன்.”

இப்போது நாலாவதாகக் குல்சும் அக்கா.

“ஏனுங்க அக்கா, நாங்க தொட்டா அரம் தேஞ்சு போயிருமுங்களா? மேஸ்திரி கேட்டா உடனே வருது, பொம்பளைப் புள்ளை கேட்டா புதன்கிழமைங்களா? நீங்களும் பொம்பளைதானுங்களே?”

“கண்ணு, கொஞ்சம் நில்லு...”

“நிக்க மாட்டேனுங்க.”

விடுவிடுவென்று படியிறங்கினோம். முதுகுக்குப் பின்னால் டிக், டிக், டிக் என்று சுத்தியல் சத்தம். கூர் உளியை வைத்துத் தட்டித் தட்டி, அரத்துக்கு ஒவ்வொரு பல்லாக எழுப்புவது குல்சும் அக்காவேதான்.

“பாத்தியாடா நிதீஷ்? நம்மளைத் தொரத்திப்போட்டு எவ்வளவு நிம்மதியா வேலை பாக்குது.”

“விடு லோகு. அரம் நம்ம ஊட்டுக்கு வரும்.”

போன வருஷம் என் குரல் உடைந்தது. அதிலிருந்து மேல்குரல் ஒன்று, கீழ்க்குரல் ஒன்று என என்னிடம் ரெண்டு சரக்கு. பஸ் ஸ்டாப்பில் நின்று, கடைப் பலகையிலிருந்த நம்பருக்குப் போட்டேன். கீழ்க்குரலை எடுத்துவிட்டேன்.

“அக்கா... க்ஹ்ம்... பங்காருங்க. அதே மாதிரி இன்னொரு அரம்... க்ஹ்ம்... வேணுமுங்க. பையனை அனுப்பறேன்.”

டிக் டிக் நின்றது. அந்தப் பக்கம் யாருக்கோ புரையேறியது.

“மேஸ்திரிங்களா? இப்பத்தானுங்களே ஒண்ணு வாங்குனீங்க?”

“அது ஊட்டுக்குங்க. இது... க்ஹ்ம்... சைட்டுக்குங்க.”

“சரிங்க, புதன்கிழமை அனுப்புங்க. இருமலுக்கு ஏதாச்சும் மருந்து சாப்பிடுங்க மேஸ்திரி.”

லோகு வாயைப் பொத்திக்கொண்டு பஸ் ஸ்டாப் கம்பியில் சாய்ந்துவிட்டாள்.

புதன்கிழமை, அப்பாவின் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கடைக்குள் போனேன். பணத்தை வாங்கிக்கொண்டு, பேப்பரில் சுற்றிய பொட்டலத்தை நீட்டினார் குல்சும் அக்கா.

“மேஸ்திரியைக் கேட்டதாச் சொல்லு கண்ணு.”

மொட்டைமாடியில் வைத்துப் பிரித்தோம். புத்தம்புது அரம். ஜெயித்தவன் நான், முதல் இழுப்பு எனக்குத்தான் என்று பிடுங்கி, வேண்டாத கட்டை ஒன்றில் தேய்த்தேன். வழுக்கியது. வரிவரியாகக் கீறல். அன்றைக்குக் கடையில் விழுந்த அதே கீறல்.

“ஏமாத்திப்போட்டுது லோகு. மேஸ்திரிக்கே கழிச்ச சரக்கைத் தள்ளி உட்டிருக்குது பாரு. இப்பவே போன் போட்டு, அவரு குரல்லயே நாலு கேள்வி கேக்கறேன்.”

“மொதல்ல இங்க குடு.”

லோகு வாங்கி ஒரு இழுப்பு இழுத்தாள். வழுக்கவில்லை. கீறவில்லை. அரிசி மாவு மாதிரி தூள் கொட்டியது. இன்னொரு இழுப்பு. மரம் சீராக இறங்கியது.

நான் அவள் கையைப் பார்த்தேன். பேனா பிடிக்கிற, நாண் இழுக்கிற இடது கை.

அரத்தைத் திருப்பிப் பார்த்தோம். வரிசையில் லோகு நிற்கிற மாதிரியே, பல்லெல்லாம் எதிர்ப் பக்கம் சாய்ந்திருந்தது.

சுற்றி வந்த பேப்பரின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தது. லோகு சத்தமாகப் படித்தாள். நான் போனைப் பாக்கெட்டுக்குள் போட்டேன்.

“கண்ணு, நீ போன் பண்ணறப்ப மேஸ்திரி என் எதிர்லதான் டீ குடிச்சிட்டு இருந்தாரு. தனக்கு இவ்வளவு நல்ல குரலான்னு கேட்டாரு. அவருக்குச் சோத்தாங்கை. கடையில இருக்கறது பூரா சோத்தாங்கைக்கு வெட்டினதுதான். அதுல அம்மணி ராவினா வில்லுல கீறல் விழும், மறுபடியும் ஒடிஞ்சு மூஞ்சியிலதான் அடிக்கும். இது ஒரட்டாங்கைக்கு. நீங்க கோவிச்சுட்டுப் படி இறங்கறப்பவே வெட்ட ஆரம்பிச்சுட்டேன்.”